தோழமையின் எல்லைகள்: இணையப் பெண்ணியத்தில் இனமும் பண்பாட்டு வேறுபாடும்

ஆய்வுச்சுருக்கம்

2010க்குப் பின் ஆங்கில மொழி இணையவெளியில் வளர்ந்த பெண்ணிய உரையாடலில், கறுப்பினப் பெண்களும் பிற வெள்ளையரல்லாத பெண்களும் தொடர்ச்சியாகச் சில விமர்சனங்களை முன்வைத்தனர். அவை பெரும்பாலும் உட்பூசலாகவும் மனத்தாங்கலாகவுமே வாசிக்கப்பட்டன. இக்கட்டுரை 2013 முதல் 2017 வரையிலான சில நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, அவ்விமர்சனங்கள் அறிவாக்கச் செயல்பாடுகள் என்பதையும், அவற்றை உணர்ச்சி வெளிப்பாடுகளாகச் சுருக்கிய வாசிப்பே இன ஒதுக்கலின் ஒரு வடிவம் என்பதையும் நிறுவ முயல்கிறது. தலித் பெண் எழுத்தைத் தமிழ் ஆய்வுலகம் வாசிக்கும் முறைக்கு இவ்விவாதம் எழுப்பும் கேள்வியும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையப் பெண்ணியம், கறுப்பினப் பெண்ணியம், குறுக்குவெட்டுத்தன்மை, ஹேஷ்டேக், தோழமை, மேற்கோள் அறம், தலித் பெண்ணியம்.

முன்னுரை

பெண்ணிய வரலாற்றை அலைகளாகப் பகுத்துக் கூறுவது வழக்கம். அப்பகுப்பில் இணையக் காலம் நான்காம் அலை எனப் பெயர் பெறுகிறது. இக்காலத்தைப் பற்றி இருவகைக் கூற்றுகள் நிலவுகின்றன. இணையம் எல்லாப் பெண்களுக்கும் குரல் அளித்தது என்பது ஒன்று. இணையம் பெண்ணியத்தைப் பூசல்களின் களமாக்கியது என்பது மற்றொன்று. முதற்கூற்று கருவியைப் போற்றுகிறது. இரண்டாவது கருவியைப் பழிக்கிறது. பேசியவர் யார், அவர் பேச்சு எவ்வாறு கேட்கப்பட்டது என்னும் வினாவை இரண்டுமே தவிர்த்துவிடுகின்றன.

இணையம் இன ஒதுக்கலை உருவாக்கவில்லை. அஃது அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதற்கு நாளும் நேரமும் பெயரும் கொண்ட ஒரு பதிவை இணையம் ஏற்படுத்தித் தந்தது. எந்தக் கருத்தை முதலில் யார் கூறினார், அதற்கு யார் மறுமொழி தந்தார், யார் மௌனம் காத்தார் என்பதை ஓரளவேனும் பின்தொடர முடிகிறது. அவ்வகையில் இணைய உரையாடல்கள் பெண்ணியத்தின் உள்முரண்களை ஆராய்வோர்க்கு ஒரு முதன்மைச் சான்றுத் தொகுதியாகின்றன. இக்கட்டுரை அமெரிக்க நிகழ்வுகளை முதன்மையாகவும், பண்பாட்டு வேறுபாடு தொடர்பான ஐரோப்பிய–துனீசிய நிகழ்வொன்றைத் துணையாகவும் கொள்கிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

இணையத்தில் நிகழ்ந்த விவாதத்திற்கு நெடிய முன்வரலாறு உண்டு. பாஸ்டன் நகரில் இயங்கிய கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியக் குழு 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இனம், பால், வர்க்கம், பாலியல்பு ஆகியவற்றின் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தவை என்று கூறியது. 1982இல் குளோரியா ஹல், பாட்ரிசியா பெல் ஸ்காட், பார்பரா ஸ்மித் ஆகியோர் பதிப்பித்த தொகைநூலின் தலைப்பே, பெண்கள் என்றால் வெள்ளையர், கறுப்பர் என்றால் ஆண்கள் என்று நிலவிய பொதுப்புத்தியைச் சுட்டுவதாக அமைந்தது.

இச்சிந்தனை மரபுக்குக் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று பெயரிட்டார். தமிழில் குறுக்குவெட்டுத்தன்மை என்று வழங்கப்பெறும் இக்கலைச்சொல் ஒரு நீதிமன்ற வழக்கின் ஆய்விலிருந்து பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. அந்நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களைப் பணியமர்த்தவில்லை. 1970க்குப் பின் பணியமர்த்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் அனைவரும், பணிமூப்பு அடிப்படையிலான ஆட்குறைப்பில் வேலையிழந்தனர். நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களைப் பணியமர்த்தியிருந்ததால் பால் பாகுபாடு இல்லை என நீதிமன்றம் கருதியது, அப்பெண்களோ வெள்ளையர். இனப் பாகுபாட்டுக் குறையை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் இணைத்துக் 'கறுப்பினப் பெண்கள்' என்ற வகையில் வழக்காட இடமில்லை என்று முடித்தது. தொழிலாளப் பெண்கள் தம் அனுபவத்திலிருந்து வகுத்த ஒரு வகைப்பாட்டை நீதிமன்றம் அறிவாக ஏற்கவில்லை. கிரென்ஷாவின் கலைச்சொல் அம்மறுப்புக்கு எழுந்த விடையாகும்.

ஒருவர் கூற்றின் நம்பகத்தன்மையை அவருடைய சமூக அடையாளத்தைக் கொண்டு குறைத்து மதிப்பிடுவதை மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ஓர் அறிவுசார் அநீதியாக வரையறுத்தார். கறுப்பினப் பெண்களின் பேச்சு அறிவாகவே கொள்ளப்படாமற் போகும் முறைகளைக் கிறிஸ்டி டாட்சன் 2011இல் நுணுகி ஆராய்ந்தார். பேசுபவர் வாய் திறக்கத் தடையில்லை. கேட்பவரே அப்பேச்சை அறிவென்று கொள்வதில்லை. இக்கட்டுரையின் வாசிப்பு இக்கருத்தை அடிப்படையாகக் கொள்கிறது.

தோழமை யாருக்கு?

2013 ஆகஸ்ட்டில் சிகாகோவைச் சேர்ந்த எழுத்தாளர் மிக்கி கெண்டல் 'தோழமை வெள்ளைப் பெண்களுக்கே' என்று பொருள்படும் 'சாலிடாரிட்டி இஸ் ஃபார் ஒயிட் விமன்' என்ற ஹேஷ்டேக்கை ட்விட்டரில் தொடங்கினார். பெண்ணியத் தளங்களில் ஆண் பெண்ணியவாதியாக இடம்பெற்றிருந்த ஒரு வெள்ளைக் கல்லூரி ஆசிரியர், வெள்ளையரல்லாத பெண்களைத் தாம் இழிவாக நடத்தியதைச் சில நாள்களுக்கு முன்னர்த் தாமே பொதுவெளியில் ஒப்புக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி அப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்திருந்தனர். எச்சரிக்கை விடுத்தபோது கேளாதவர்கள், குற்றம் புரிந்தவர் தாமே வாய்திறந்த பின்னர் அதனைக் கேட்டனர். கெண்டலின் சினத்திற்கு இதுவே உடனடிக் காரணம்.

ஹேஷ்டேக் விரைவில் உலகளவில் பரவியது. அதன்கீழ் வந்த பதிவுகள் தனிமனிதர் ஒருவரைப் பற்றிய முறையீட்டோடு நிற்கவில்லை. ஊதிய இடைவெளி பற்றிய விவாதத்தில் வெள்ளைப் பெண்களின் ஊதியமே 'பெண்களின் ஊதியம்' எனக் காட்டப்படுவது, இனப்பெருக்க உரிமை கருக்கலைப்பு உரிமையாகச் சுருங்கிக் கட்டாயக் கருத்தடையின் வரலாறு மறக்கப்படுவது எனப் பெண்ணிய நிகழ்ச்சிநிரல் முழுவதும் மறுபரிசீலனைக்கு உள்ளானது. கெண்டல் 2020இல் வெளியிட்ட 'ஹுட் ஃபெமினிசம்' நூலில் பசி, குடியிருப்பு, துப்பாக்கி வன்முறை ஆகியவற்றைப் பெண்ணியச் சிக்கல்களாக முன்வைக்கிறார். 2013இன் சிறு பதிவுகளில் வித்திட்ட சிந்தனை நூல்வடிவம் பெற்றதை இதில் காணலாம்.

அடுத்த சில நாள்களிலேயே எபனி இதழைச் சேர்ந்த ஜமீலா லெமியூ, 'கறுப்பின ஆற்றல் கறுப்பின ஆண்களுக்கே' என்று பொருள்படும் மற்றொரு ஹேஷ்டேக்கைத் தொடங்கிக் கறுப்பின விடுதலை அரசியலின் ஆண்மையச் சார்பை வினவினார். இவ்விரண்டையும் இணைத்து வாசிக்க வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெள்ளைப் பெண்கள் மீதான பகைமையாகத் தோன்றக்கூடும். இரண்டும் சேரும்போது, பெண்ணியத்திலும் இன விடுதலை இயக்கத்திலும் ஒருங்கே இடம் மறுக்கப்பட்டோர் வகுத்த முழுமையான நிலைப்பாடு புலப்படுகிறது. 1976இன் நீதிமன்றம் பிரித்துவைத்த இரு வகைமைகளை ஒரு வாரக் காலத்தில் இவ்விரு ஹேஷ்டேக்குகளும் மீண்டும் இணைத்தன எனலாம்.

'நச்சு' என்னும் தீர்ப்பு

2014 ஜனவரி இறுதியில் தி நேஷன் இதழில் மிஷெல் கோல்ட்பர்க் எழுதிய கட்டுரை, ட்விட்டரில் நிகழும் பெண்ணியச் சண்டைகள் நச்சுத்தன்மை வாய்ந்தவை என்று தலைப்பிலேயே தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பர்னார்ட் கல்லூரியின் பெண்கள் ஆய்வு மையம் வெளியிட்ட 'ஃபெம்ஃபியூச்சர்' என்ற அறிக்கை அக்கட்டுரையின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. இணையப் பெண்ணியப் பணிக்கு நிதி ஆதாரம் தேவை என்பது அறிக்கையின் வாதம். அதனை உருவாக்கிய கலந்துரையாடலில் யார் அழைக்கப்பட்டனர், யார் விடுபட்டனர் என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வி எழுந்த விதத்தையே கோல்ட்பர்க் சிக்கலாகக் கண்டார்.

கோல்ட்பர்க்கின் கட்டுரையை முற்றிலும் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. ஒரு சொல் பிழைக்காக ஒருவர் பலரால் சூழ்ந்து தாக்கப்படுவதும், அச்சத்தால் சிலர் எழுதுவதையே கைவிடுவதும் நிகழ்ந்தன. ட்விட்டரின் வடிவமைப்பு சினத்தைப் பெருக்கி விரைவாகப் பரப்பக்கூடியது. ஆயினும் கட்டுரையின் அடிப்படை நகர்வு விமர்சனத்திற்குரியது. நிதி யாருக்குச் செல்கிறது, பதிப்பு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, யார் ஊதியமின்றி உழைக்கிறார் என்பவை வளப் பகிர்வு சார்ந்த வினாக்கள். அவ்வினாக்களைத் தொனி சார்ந்த வினாவாக மாற்றும்போது விடையளிக்கும் பொறுப்பு இடம்மாறுகிறது. வளங்களை வைத்திருப்போர் விளக்கம் தர வேண்டிய இடத்தில், கேட்டவர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதாகிறது.

1981இல் தேசியப் பெண்கள் ஆய்வுச் சங்கத்தின் மாநாட்டில் ஆட்ரி லார்ட் ஆற்றிய உரையின் பொருளும் இதுவே. இனவெறிக்கு எதிரான சினம் தகவல் தரவல்லது என்றும், கேட்போரின் குற்றவுணர்வைத் தணிப்பதற்காக அச்சினத்தை ஒடுக்கிக்கொள்ள இயலாது என்றும் அவர் வாதிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வாதத்தை மீண்டும் தொடங்க நேர்ந்தது என்பதிலிருந்து, முன்னைய விவாதம் பெண்ணிய நினைவில் எந்த அளவு தங்கியது என்று அறியலாம்.

போலிக் குரல்கள்

தொனிக்கு அளிக்கப்பட்ட முதன்மை எத்தகைய விளைவுக்கு இட்டுச்சென்றது என்பதற்கு 2014 ஜூன் மாத நிகழ்வு தக்க சான்று. தந்தையர் நாளை ஒழிக்க வேண்டும் என்று கோரும் ஹேஷ்டேக் ஒன்று ட்விட்டரில் பரவியது. கறுப்பினப் பெண்ணியர் பெயரில் இயங்கிய பல கணக்குகள் அதனைப் பரப்பின. பழைமைவாத விமர்சகர் சிலர் அதனை மெய்யென நம்பிக் கண்டித்தனர். பெண்ணியரைத் தம்முள் மோதவிடும் நோக்குடன் ஃபோர்சான் என்னும் இணையக் களத்தில் திட்டமிட்டுப் பரப்பப்பட்ட மோசடி அது.

அம்மோசடியை வெளிக்கொணர்ந்தவர்கள் ஷஃபீக்கா ஹட்சன், ஐநாஸா கிராக்கெட் முதலிய கறுப்பினப் பெண்கள். ஹட்சன் போலிக் கணக்குகளைத் தொகுக்க 'யுவர் ஸ்லிப் இஸ் ஷோயிங்' என்ற ஹேஷ்டேக்கைத் தொடங்கினார். 'உன் உள்பாவாடை தெரிகிறது' என்று பொருள்படும் இத்தொடர் அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு வழக்கைச் சார்ந்தது. தமிழில் 'சாயம் வெளுத்துவிட்டது' என்பதற்கு நெருக்கமானது. கிராக்கெட் மோசடியின் தோற்றுவாயைப் பின்தொடர்ந்து கண்டறிந்தார். போலிக் கணக்குகளைக் காட்டிக்கொடுத்தது அவற்றின் மொழி. கறுப்பின ஆங்கிலத்தின் இலக்கணத்தை அறியாதார் அதனைக் கேலிப்பொருளாகக் கருதிப் போலி செய்தபோது, அம்மொழியைப் பிறப்பிலிருந்து பேசுவோர்க்கு வேறுபாடு உடனே புலப்பட்டது. பண்பாட்டு வேறுபாடு இங்கே ஓர் ஆய்வுக் கருவியாகவே செயல்பட்டது.

இந்நிகழ்வைச் சோஜர்னர் ட்ரூத்தின் உரை வரலாற்றோடு ஒப்பிடுவது பயன் தரும். 1851இல் ஓகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ட்ரூத் ஆற்றிய உரையை மாரியஸ் ராபின்சன் அவ்வாண்டிலேயே இதழில் வெளியிட்டார். 'நான் பெண்ணில்லையா' என்று பொருள்படும் புகழ்பெற்ற தொடர் அவ்வடிவத்தில் இல்லை. 1863இல் வெள்ளைப் பெண்ணியரான பிரான்சிஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் அத்தொடர் இடம்பெறுகிறது. உரை முழுவதும் தென்பகுதி அடிமைகளின் பேச்சு வழக்கில் அமைக்கப்பட்டிருக்கிறது. ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து டச்சு மொழியை முதன்மொழியாகக் கொண்டவர். உலகெங்கும் பாடநூல்களில் பெரிதும் புழங்குவது கேஜின் வடிவமே.

கேஜின் நோக்கம் ஆதரவு. ஃபோர்சான் குழுவினரின் நோக்கம் கேடு. இவ்வேறுபாட்டை மறைக்கலாகாது. ஆயினும் கறுப்பினப் பெண் இப்படித்தான் பேசுவாள் என்ற ஒரே முன்முடிவு இரண்டிலும் இயங்குகிறது. அம்முன்முடிவைப் பகிர்ந்துகொண்டோரிடம் இரண்டுமே நம்பகம் பெற்றன. 'சினங்கொண்ட கறுப்பினப் பெண்' என்ற படிமம் நிலைபெற்றிருந்த பெண்ணியச் சூழலில், அப்படிமத்தை மிகைப்படுத்திய போலிக்கும் உண்மைக்கும் வேறுபாடு காண்பது பலருக்கு அரிதாயிற்று.

இதனால் நேர்ந்த இழப்பு கறுப்பினப் பெண்களோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க செனட்டின் உளவுக் குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைத் தொகுதி, 2016 தேர்தல் காலத்தில் ரஷ்யாவின் இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி மிகுதியாகக் குறிவைத்த குழுவினர் ஆப்பிரிக்க அமெரிக்கரே என்று கண்டது. கறுப்பின ஆர்வலர்களாக வேடமிட்ட கணக்குகள் அதில் பயன்படுத்தப்பட்டன. 2014இன் மோசடியும் 2016இன் மோசடியும் ஒரே கை செய்தவை என்று கூற ஆதாரம் இல்லை. ஆனால் உத்தி ஒன்றே. அதனை இனங்காணும் முறையை இரண்டாண்டுகளுக்கு முன்பே சில பெண்கள் ஊதியமின்றி வகுத்துப் பொதுவெளியில் வைத்திருந்தனர். அவர்தம் பணி ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டிருந்தால் பயன் அனைவருக்கும் கிடைத்திருக்கும். 2024இல் காலமான ஹட்சனின் பெயர் பெண்ணிய வரலாற்று நூல்களில் இடம்பெற வேண்டுமென்பது இக்கட்டுரையின் துணிபு.

பெயரும் உரிமையும்

கருத்தின் பரவலும் கருத்தாளரின் மறைவும் ஒருங்கே நிகழ்வது இணைய அறிவுப் பரவலின் இயல்புகளுள் ஒன்று. கறுப்பினப் பெண்கள் மீதான இனவெறியும் பெண்வெறுப்பும் கலந்த வன்மத்தைக் குறிக்க மோயா பெய்லி 2008இல் 'மிசோஜினுவார்' என்ற சொல்லை உருவாக்கினார். 2010இல் அதனை இணையத்தில் வெளியிட்டார். கிரேடியன்ட் லேயர் என்ற வலைப்பதிவை நடத்திய ட்ரூடி அச்சொல்லை விரித்து விளக்கிப் பரவலாக்கினார். பின்னர் அச்சொல் இருவர் பெயரும் இன்றிப் பயன்பட்டது. சில வேளைகளில் அதன் பொருளும் நீர்த்துப்போனது. இருவரும் இணைந்து 2018இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, மேற்கோள் காட்டாமை, அழித்தல், களவு ஆகியவற்றையே பொருளாகக் கொண்டது. தாம் ஆக்கிய கலைச்சொல்லின் பிறப்பைத் தாமே சான்று காட்டி நிறுவ வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

2017 அக்டோபர் நிகழ்வுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. நடிகை ரோஸ் மெக்கோவனின் ட்விட்டர் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டதைக் கண்டித்து, அக்டோபர் 13 அன்று பெண்கள் ட்விட்டரைப் புறக்கணிக்க வேண்டும் என்ற அழைப்பு எழுந்தது. கறுப்பின நடிகை லெஸ்லி ஜோன்ஸ் 2016இல் இனவெறித் தாக்குதலுக்கு ஆளானபோதும், கறுப்பின விளையாட்டு இதழாளர் ஜெமல் ஹில் அதே வாரத்தில் பணியிடைநீக்கம் செய்யப்பட்டபோதும் இத்தகைய அழைப்பு ஏன் எழவில்லை என்று வெள்ளையரல்லாத பெண்கள் வினவினர். ஏப்ரல் ரெயின் புறக்கணிப்புக்கு மாற்றாக, வெள்ளையரல்லாத பெண்களின் பணிகளைப் போற்றும் ஹேஷ்டேக் ஒன்றை அதே நாளில் முன்வைத்தார்.

இரு நாள்கள் கழித்து நடிகை அலிசா மிலானோவின் பதிவால் 'மீ டூ' உலகெங்கும் பரவியது. முதல் 24 மணி நேரத்திற்குள் முகநூலில் 47 இலட்சம் பேர் அவ்வுரையாடலில் பங்கேற்றதாக அந்நிறுவனம் தெரிவித்தது. அச்சொல்லைத் தரானா பர்க் 2006 முதலே பாலியல் வன்முறைக்கு உள்ளான கறுப்பினச் சிறுமியரிடையே ஆற்றிய பணியில் பயன்படுத்திவந்தார். கறுப்பினப் பெண்கள் இதனைச் சுட்டியபின் மிலானோ பர்க்கின் முன்னுரிமையை ஏற்று அறிவித்தார், இது பாராட்டுக்குரியது. எனினும் அவ்வாண்டு டைம் இதழ் 'மௌனம் கலைத்தோரை'ச் சிறப்பித்தபோது, பர்க் இதழின் உள்ளே இடம்பெற்றார், அட்டையில் இடம்பெறவில்லை.

பெயர் விடுபடுவதோடு பொருளும் மாறுகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. பர்க்கின் பணியில் 'நானும்' என்ற சொல், பாதிக்கப்பட்ட ஒருவர் பாதிக்கப்பட்ட மற்றொருவருக்குத் தரும் ஆறுதல். பழுதுற்ற சமூகத்தைச் சீர்செய்யும் பணியின் தொடக்கம். 2017க்குப் பின் அது புகழ்பெற்ற ஆண்களை அம்பலப்படுத்தும் முழக்கமாகவே ஊடகங்களில் நிலைபெற்றது. கருத்தாளர் மறைந்தபோது அவர் வகுத்த வழிமுறையும் உடன் மறைந்தது. மேற்கோள் என்பது இங்கு வெறும் மரியாதையாக நின்றுவிடாமல், பொருளைப் பேணும் பொறுப்பாகிறது.

பண்பாடும் மீட்பும்

இன வேறுபாட்டுக்குரிய இச்சிக்கல் பண்பாட்டு வேறுபாட்டில் வேறொரு வடிவம் கொள்கிறது. 2013 மார்ச்சில் துனீசியாவைச் சேர்ந்த அமீனா என்ற இளம்பெண் தம் மேனியில் முழக்கங்களை எழுதி வெளியிட்ட படங்களால் அச்சுறுத்தலுக்கு உள்ளானார். உக்ரைனில் 2008இல் தோன்றிய ஃபெமன் அமைப்பு அவருக்கு ஆதரவாக ஏப்ரல் 4 அன்று ஐரோப்பிய நகரங்களில் 'மேலாடையற்ற ஜிகாத்' நாளை நடத்தியது. பள்ளிவாசல் முன்பாகவும் போராட்டம் நிகழ்ந்தது. இதனை மறுத்த முஸ்லிம் பெண்கள் பலர், தம்மை எவரும் மீட்க வேண்டியதில்லை என்று எழுதிய தாள்களுடன் தம் படங்களை முகநூலில் வெளியிட்டனர். ஃபெமன் தலைவர்களுள் ஒருவரான இன்னா ஷெவ்சென்கோ அளித்த மறுமொழி, அப்பெண்கள் விடுதலை வேண்டாம் என்று எழுதினாலும் அவர்தம் கண்கள் உதவி கோருகின்றன என்ற பொருளில் அமைந்தது.

கறுப்பினப் பெண்ணின் சொல் சினமாகக் கேட்கப்பட்டது என்றால், முஸ்லிம் பெண்ணின் சொல் கேட்கப்படவே இல்லை. சொல்லுக்குப் பதிலாகக் கண்கள் வாசிக்கப்பட்டன. ஒருவர் 'இல்லை' என்பதையும் 'ஆம்' என்று பொருள்கொள்ளும் வாசிப்பில் மறுப்புக்கு இடமே இல்லை. மூன்றாம் உலகப் பெண்ணை ஒருமைப்படுத்தும் மேற்கத்தியப் பார்வையைச் சந்திரா தல்பாடே மொகந்தி 1980களில் விமர்சித்ததும், முஸ்லிம் பெண்களுக்கு மீட்பு தேவையா என்று லைலா அபு லுகோத் 2002இல் வினவியதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

அதே வேளையில், பண்பாட்டைக் காரணங்காட்டி அமீனாவின் துயரை மறுப்பதும் பிழையே. அவருக்கு நேர்ந்த அச்சுறுத்தல் மெய்யானது. அவரே அவ்வாண்டு ஆகஸ்ட்டில் இஸ்லாமிய வெறுப்பைக் குற்றஞ்சாட்டி ஃபெமனிலிருந்து விலகினார். தம் சமூகத்தின் ஒடுக்குமுறையையும் தம்மை ஆதரித்தோரின் மேட்டிமையையும் ஒருவரே எதிர்க்க இயலும் என்பதற்கு அமீனாவின் விலகல் சான்றாகிறது. அவருக்காகப் பேசிய இரு தரப்பினரைவிட அவரது நிலைப்பாடு நுட்பமானது.

தமிழ் ஆய்வுலகிற்கு எழும் கேள்வி

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசுவது இரண்டின் வரலாற்றையும் சிதைக்கும். ஆயினும் இவ்விவாதம் நம் சூழலோடு நேரடியாகத் தொடர்புறும் இடங்கள் உள்ளன. 2018 நவம்பரில் ட்விட்டர் நிறுவனத் தலைவராயிருந்த ஜாக் டோர்சி இந்தியா வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்க்கக் கோரும் பதாகை ஒன்றை ஏந்திய படம் வெளியாகிப் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அப்பதாகையை வடிவமைத்தவர் தமிழ்ப் பின்புலமுடைய அமெரிக்கத் தலித் பெண்ணியரான தேன்மொழி சௌந்தரராஜன். அதனை அளித்தவரும் ஒரு தலித் செயற்பாட்டாளரே. எதிர்ப்பு எழுந்ததும், அது பரிசாகத் தரப்பட்டது என்று நிறுவனம் விலகிக்கொண்டது. அதன் உயர் அலுவலர் ஒருவர் வருத்தமும் தெரிவித்தார். பதாகையின் கருத்தை முன்வைத்த பெண்களின் விளக்கத்தைவிட, அதனால் புண்பட்டோரின் முறையீடே முதன்மை பெற்றது.

இந்தியப் பெண்ணியத்திலும் இவ்விமர்சனத்திற்கு முன்வரலாறு உண்டு. தலித் பெண்கள் வேறுபட்டுப் பேசுவதன் நியாயத்தைக் கோபால் குரு 1995இல் எடுத்துரைத்தார். சர்மிளா ரெகே 1998இல் அதனை ஒரு தலித் பெண்ணிய நிலைப்பாட்டுக் கோட்பாடாக விரித்தார். தமிழில் சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இலும், பாமாவின் 'கருக்கு' 1992இலும் வெளிவந்தன. கிரென்ஷா தம் கலைச்சொல்லை வெளியிட்ட அதே ஆண்டில் சிவகாமியின் நாவல் வந்திருக்கிறது. சாதி எதிர்ப்பு அரசியலுக்குள் இயங்கும் ஆணாதிக்கத்தை அந்நாவல் அப்போதே விசாரணைக்கு உட்படுத்தியது. பின்னர்த் தம் நாவலையே மறுவாசிப்புச் செய்து சிவகாமி எழுதிய ஆசிரியர் குறிப்பு, படைப்பாளர் தம் நிலைப்பாட்டைத் தாமே ஆராயும் திறனாய்வாகும்.

ஆயினும் நம் ஆய்வேடுகளில் ஒரு வேலைப்பிரிவினை நிலவுகிறது. கோட்பாட்டு இயலில் மேலைப் பெயர்கள் இடம்பெறுகின்றன. தலித் பெண் படைப்பாளரின் நூல்கள் அக்கோட்பாடுகளைப் பொருத்திப் பார்க்கும் தரவுகளாகின்றன. அவர்கள் 'அனுபவத்தை' எழுதுகிறார்கள். பிறர் 'கருத்தை' எழுதுகிறார்கள். குறுக்குவெட்டுத்தன்மை என்ற சொல்லும் அதனைப் பிறப்பித்த ஐந்து தொழிலாளப் பெண்களின் வழக்கிலிருந்து பிரிந்து, ஒரு கலைச்சொல்லாக மட்டும் நம்மை வந்தடைகிறது. ஒடுக்கப்பட்ட பெண்ணின் பேச்சைச் சான்றாக ஏற்று அறிவாக ஏற்க மறுக்கும் போக்கை அமெரிக்க இணையவெளியில் காண்பது எளிது. அதனை நம் ஆய்வேட்டின் இயல் பகுப்பில் காண்பதே கடினம். முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருக்கும் இக்கட்டுரையாளரின் முதல் வரைவும் இப்பகுப்பிலேயே அமைந்திருந்தது என்பதை இங்குக் குறிப்பிடுவது கடமையாகும்.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இணையப் பெண்ணியத்தில் இன, பண்பாட்டு வேறுபாடு குறித்து எழுந்த விமர்சனங்கள் வளம், நம்பகத்தன்மை, கருத்துரிமை ஆகியவற்றைப் பற்றிய வாதங்கள். அவற்றைத் தொனியின் சிக்கலாக வாசித்தது விவாதத்தைத் திசைதிருப்பியது. கறுப்பினப் பெண்களின் மொழியறிவும் பட்டறிவும் இணைய மோசடிகளை முன்கூட்டியே இனங்காணும் ஆற்றலைத் தந்தன. அவ்வறிவைப் புறக்கணித்ததன் இழப்பு பொதுவானது. கருத்தாளர் பெயர் விடுபடும்போது கருத்தின் வழிமுறையும் விடுபடுகிறது என்பதை 'மீ டூ' வரலாறு உணர்த்துகிறது.

தோழமை என்பது வேறுபாடு இல்லாதாரிடையே இயல்பாக அமைவதன்று. தனக்கு இசைவில்லாத கூற்றையும் அறிவெனக் கொண்டு கேட்கும் ஒழுக்கத்தால் அஃது ஈட்டப்பட வேண்டியது. தமிழ்ப் பெண்ணிய ஆய்வைப் பொறுத்தவரை, சிவகாமியையும் பாமாவையும் கோட்பாட்டு இயலில் வைத்து எழுதுவது அவ்வொழுக்கத்தின் முதற்படியாக அமையலாம். அவ்வாறு எழுதப்படும் ஆய்வேடுகள் எத்தகைய புதிய கலைச்சொற்களைத் தரும் என்பது மேலாய்வுக்குரியது.